கோபமில்லை, வருத்தம்தான்

எங்கள் வீட்டில் தொலைக்காட்சி கிடையாது.
சலவை இயந்திரத்தின் வட்டக் கண்ணாடி முன்
ஒன்பது பிள்ளைகள் உட்கார்ந்து
காலுறைகள் சுழல்வதைப் பார்ப்போம்.
சிவப்புக் காலுறை மேலே வரும்போதெல்லாம்
தம்பி வெய்க்கோ கைதட்டுவான்.
இது பாவமா என்று யாரும் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் அதையும் மூடியிருப்பார்கள்.

கெமி ஆற்றின் வடகரையில் ஜெபவீடு.
ஜனவரியில் அங்கே பகல் மூன்று மணி நேரம்,
பிரசங்கம் நான்கு.

யாரும் எங்களை அடித்ததில்லை, அதைச் சொல்லியாக வேண்டும்.
பிரசங்கி ஏரிக்கி குரலை உயர்த்தியதுகூட இல்லை.
பதினாறு வயதில் நான் கண்ணுக்கு மை தீட்டிய வாரம்
பனிக்காலணியை வாசலில் கழற்றிவிட்டு
கம்பளிக் காலுறையோடு சமையலறைக்கு வந்தார்.
என் எதிரே உட்கார்ந்து அழுதார்.
"கோபமில்லை ஹில்யா, வருத்தம்தான்."
அம்மா அழுதாள். அம்மா அழுததால் அக்கா அழுதாள்.
கடைசியில் நானும் அழுதேன், மை கரைந்தது,
எல்லோருக்கும் நிம்மதி.
மன்னிப்பை உரக்கச் சொன்னார்கள்,
கழுத்தைக் கட்டிக்கொண்டார்கள்,
அடுப்பிலிருந்து ஏலக்காய் ரொட்டி வந்தது.
அத்தனை ருசியான ரொட்டியை
அதன்பின் நான் தின்றதேயில்லை.

சிக்கல் அந்த ரொட்டியில்தான்.

போன அக்டோபரில் என் மகள் ஐலி
பள்ளியிலிருந்து ஒரே ஒரு நகத்தில்
நீலம் பூசிக்கொண்டு வந்தாள்.
சுண்டுவிரல். மறுகையால் மூடியிருந்தாள்.
நான் திட்டவில்லை.
அடுப்பை அணைத்தேன், நாற்காலியை இழுத்தேன்,
குரலைத் தாழ்த்தினேன்.
எவரும் கற்றுத் தந்ததல்ல.
அப்பாவின் கையெழுத்து பிள்ளைக்கு வருமே, அப்படி வந்தது.
"கோபமில்லை கண்ணே" என்றேன்.
அடுத்த சொல் வாய்க்குள் இருக்கும்போதே
அவள் தோள்கள் மடங்கின.

அந்த மடிப்பு எனக்குத் தெரியும்.
பதினெட்டு வருடமாய் என் முதுகில் அதைச் சுமக்கிறேன்.

வாயை மூடிக்கொண்டேன்.
வெகுநேரம் கழித்து, வேறெதுவும் தோன்றாமல்,
"அது என்ன நிறம்?" என்று கேட்டேன்.
"நள்ளிரவு என்று புட்டியில் போட்டிருந்தது"
என்றாள், இன்னும் நம்பாமல்.

அன்றிரவு மளிகைக் கணக்கு நோட்டின் பின்பக்கம்
யார் யார் எதற்காக என்முன் அழுதார்கள் என்று எழுதினேன்.
வெளியே மணந்த தங்கையின் கல்யாணத்துக்குப் போனதற்கு.
ஐந்தோடு நிறுத்து என்று ரோவனியெமி மருத்துவர் சொன்னதை
வெளியே சொன்னதற்கு.
ஒரு புதன்கிழமைக் கூட்டத்தில் ஏன் என்று கேட்டதற்கு.
ரத்தம் நிற்காமல் நான் கிடந்த வாரத்தில்
ஒருவரும் அழவில்லை. சூப் கொடுத்தனுப்பினார்கள்.
நல்ல சூப்தான். அதையும் எழுதினேன்.

பிறகு ஜெபவீட்டுக்குப் போவதை நிறுத்தினேன்.
வீரம் ஒன்றுமில்லை. ஒரு ஞாயிறு காய்ச்சல்,
மறு ஞாயிறு காய்ச்சல் இல்லை, அவ்வளவுதான்.
இப்போதும் தொலைபேசி மணி அடித்தால்
யாரென்று தெரியுமுன் மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன்.
மின்வாரியத்துக்காரர் குழம்பிப்போனார்.

பிப்ரவரியில் மூன்று பேர் வந்தார்கள்.
கிழவராகிவிட்ட ஏரிக்கி, அவர் மனைவி மார்த்தா,
இப்போது பிரசங்கம் செய்யும் வெய்க்கோ.
"நாங்கள் உனக்காக வருந்துகிறோம்" என்றான் தம்பி.
பிறந்ததிலிருந்து நான் கேட்டதெல்லாம் 'நாம்'.
அந்த ஒரு சொல்லில் கதவு சாத்தியாயிற்று.
அவனுக்கு அது தெரியவில்லை என்றே நினைக்கிறேன்.

மார்த்தா கைக்குட்டையை எடுத்தாள்.
என் தொண்டையில் பழைய உப்பு ஏறியது.
காபி ஊற்றிய கை நடுங்கித் தட்டில் சிந்தியது.
அவர்கள் வருத்தத்தை மேசைமேல் வைத்தார்கள்,
கோப்பைகளுக்கு நடுவில்.
எப்போதும் நான்தான் அதை எடுத்துக்கொள்வேன்.
எடுக்கவில்லை.
"பால் வேண்டுமா?" என்று கேட்டேன்.
யாரும் பதில் சொல்லவில்லை. காபி ஆறியது.
ஏரிக்கியின் கண்ணீர் நிஜம்தான்;
அது நிஜமென்று தெரிந்தே
நான் அழாமல் இருந்தேன்.

போகும்போது சலவை அறை வாசலில்
வெய்க்கோ ஒரு கணம் நின்றான்.
இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.
வெள்ளை, சாம்பல், ஐலியின் நீலச் சட்டை.
சிவப்பாக எதுவுமில்லை.
ஆனாலும் பார்த்துக்கொண்டு நின்றான்,
மார்த்தா இருமும்வரை.